பதினொரு மணித் தண்ணீர்

கீழநெடுவயல் பாசனச் சங்கத்துக்குச் சிவசாமி தலைவரானது, தேர்தல் கூட்டத்துக்குப் போகாத குற்றத்துக்காக. கூட்டத்துக்கு வந்திருந்த பதினேழு பேரும் ஆளுக்கொரு காரணம் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள். காரணம் சொல்ல ஆள் இல்லாத ஒரே பெயர் சிவசாமியுடையது. அவர் அந்நேரம் அறந்தாங்கியில் கடவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டிருந்தார். வீங்கிய கன்னத்தோடு பஸ்ஸைவிட்டு இறங்கியவருக்கு அங்கேயே மாலை விழுந்தது. வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. "தலைவர் மறுப்பேதும் தெரிவிக்கவில்லை" என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்கள்.

பெரிய கால்வாயிலிருந்து பிரிகிற ஒன்பதாம் நம்பர் வாய்க்கால் பதினெட்டுக் கிலோமீட்டர் ஓடி, வழியில் உள்ள ஊர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்தால் கீழநெடுவயலுக்கு வரும். மிச்சமிருந்ததா, நடுவில் எவனாவது மறித்தானா என்பதில் கடைமடைக்காரர்களுக்கு எப்போதும் சந்தேகம்தான். மேல்மடைக்காரனைச் சந்தேகப்படுவார்கள். மதகு திருப்பும் லஸ்கர் ரெங்கராஜைச் சந்தேகப்படுவார்கள். யாரும் கிடைக்காத நாளில் ஒருவரையொருவர் சந்தேகப்படுவார்கள். இதற்கெல்லாம் முடிவு கட்டத்தான் நவீனமயம் வந்தது.

முதலில் வாய்க்காலுக்குச் சிமெண்டு போட்டார்கள். வேர் சிமெண்டைப் பிளந்துவிடும் என்று இரண்டு கிலோமீட்டருக்கு இருகரை மரங்களையும் வெட்டினார்கள். பிறகு ஊர் எல்லையில் ஓர் இரும்புக் கம்பம் நட்டார்கள். கம்பத்திலிருந்து ஒரு கை நீண்டு வாய்க்காலின் நடுவுக்கு வந்தது. கையின் நுனியில், எட்டடி உயரத்தில், கவிழ்த்த செம்பு மாதிரி ஒரு கருவி. அதற்கு மேலே இரண்டு கட்டில் அகலத்துக்குச் சோலார் பலகை.

திறப்பு விழாவில் பொறியாளர் ஆவுடையப்பன் பேசினார். 'கால்வாய்ச் சேவை மைய'த்துக்கு அவர்தான் பொறுப்பு.

"இன்று முதல் நீங்கள் விவசாயிகள் இல்லை" என்று ஆரம்பித்தார். முன்வரிசையில் இரண்டு பேர் எழுந்துவிட்டார்கள். "பயப்படாதீங்க. நீங்கள் வாடிக்கையாளர்கள். நாங்கள் அதிகாரிகள் இல்லை, சேவை வழங்குநர்கள். தண்ணீர் என்பது தண்ணீர் இல்லை, சேவை. இந்தக் கருவி ஒலியைக் கீழே அனுப்பும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வரும். எவ்வளவு உயரம் தண்ணீர் நிற்கிறது என்று அறந்தாங்கியில் இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரிந்துவிடும். குறைந்தால் தலைமதகு தானாகத் திறக்கும். நிறைந்தால் தானாக மூடும். நடுவில் மனுசனே கிடையாது. மனுசன் இருந்தால்தானே தப்பு நடக்கும்?"

பலமாகக் கைதட்டியவர் ரெங்கராஜ். தட்டி முடித்த பிறகுதான் அந்த நடுவிலிருந்த மனுசன் தான்தான் என்று அவருக்குப் புரிந்தது. இருபத்திரண்டு வருடம் மதகுச் சக்கரம் திருப்பியவருக்கு அன்றே 'களச் சொத்துத் துணைவர்' என்று புதுப் பதவி கொடுத்தார்கள். சோலார் பலகையைத் துணியால் துடைப்பது வேலை. துணி தனியாக வரும் என்றார்கள். இன்னும் வரவில்லை.

இதெல்லாம் சித்திரையில். கதை நடப்பது புரட்டாசியில்.

ஆவணிக் கடைசியில் பெய்த ஒரு மழையை நம்பிச் சிவசாமி மூன்று ஏக்கரில் நேரடி விதைப்புச் செய்திருந்தார். பயிர் முளைத்து இருபத்து நான்கு நாள். சாண் உயரத்தில் பச்சை பிடித்திருந்தது. அதற்குப் பிறகு வானம் எட்டிப்பார்க்கவில்லை. பகலில் இலை ஊசியாகச் சுருண்டு, காலையில் மட்டும் கொஞ்சம் விரிந்தது. இன்னும் ஏழெட்டு நாளைக்குள் ஒரு நனைப்பு கிடைத்தால் ஐப்பசி மழை வரைக்கும் தாங்கும். கிடைக்காவிட்டால் அழித்து உழவேண்டியதுதான். மறுபடி விதைக்க விதையும் இல்லை, பட்டமும் இல்லை.

சிவசாமி வாய்க்காலுக்குள் இறங்கி நின்று சேவை மையத்துக்குப் போன் போட்டார். மோகனப்ரியா என்கிற பெண் எடுத்தாள்.

"வணக்கங்க, கால்வாய்ச் சேவை மையம். சொல்லுங்க."

"அம்மா, கீழநெடுவயல் கடைமடைங்க. தண்ணி வரலைங்க."

டக்டக்கென்று தட்டும் சத்தம். "உங்களுக்குத் தண்ணி வந்துட்டு இருக்குங்களே, ஐயா."

"எங்கம்மா?"

"வாய்க்கால்ல. நேத்து காலையில பதினொரு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் நாப்பத்திரெண்டு சென்டிமீட்டர். முந்தாநாளும் அதே. பதினேழு நாளா அதே நேரம், அதே அளவு. உங்க ஊருதான் சேவையில முதலிடம்ங்க. மத்த நேரம்தான் கருவி சரியாப் பேச மாட்டேங்குது."

"நான் நிக்கிறதே வாய்க்காலுக்குள்ளதாம்மா. செருப்புல ஒட்ட ஈரம் இல்ல."

"இப்ப மணி ஒம்பதுதானுங்களே ஐயா. பதினொண்ணுக்கு வரும்."

சிவசாமிக்கு முதல் சந்தேகம் மேல்மடைக்காரன் மேல் வந்தது. இரண்டாவது ரெங்கராஜ் மேல். மூன்றாவதாகத் தன் மேலேயே வந்தது. தினமும் பதினொரு மணிக்கு அவர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் வந்து, ஐந்து மணி நேரம் சும்மா நின்றுவிட்டு, தரையைக்கூட நனைக்காமல் திரும்பிப் போய்விடுகிறதோ? வாடிக்கையாளராகிவிட்ட பிறகு எதையும் அப்படியே தள்ளிவிட முடியாது. அன்றைக்குக் கஞ்சியைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தார்.

பதினொரு மணிக்கு வந்தது.

தண்ணீர் இல்லை, குவைத்து வந்தது. ஆடு மேய்க்கிற ஞானமணியின் கிடா. பின்னால் பதின்மூன்று ஆடுகள். மரமெல்லாம் போன பிறகு இரண்டு கிலோமீட்டருக்கு இருக்கிற ஒரே நிழல் சோலார் பலகையின் நிழல். அதன் நட்டநடு இடத்தை, கருவிக்கு நேர் கீழே, கிடா எடுத்துக்கொண்டது. முன்னங்காலை மடக்கிப் படுத்து அசை போட ஆரம்பித்தது. சிவசாமி எட்டிப் போய்ச் சாண் போட்டு அளந்தார். தரையிலிருந்து முதுகு வரை இரண்டு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. நாற்பத்திரண்டு சென்டிமீட்டருக்குச் சரியாக வந்தது.

"என் ஆட்டுக்கு எதுக்குண்ணே சட்டைக்கு அளவெடுக்கிறீங்க?" என்று கேட்டாள் ஞானமணி. அவளுடைய வீட்டுக்காரர் சார்லஸ் குவைத்தில் சாரம் கட்டுகிற வேலையில் இருந்தார். "அவரு அங்க வெயில்ல வேகுறாரு, இது இங்க நெழலத் தேடிப் படுத்துக்குது" என்று கிடாவுக்கு அந்தப் பெயரை வைத்தவள் அவள்தான். திட்டுவதற்காக வைத்த பெயர். ஆனால் அதைக் கூப்பிடும்போது அவள் குரல் திட்டுவது மாதிரி இருக்காது.

"தங்கச்சி, அறந்தாங்கியில ஒன் ஆட்டத் தண்ணின்னு எழுதி வச்சிருக்காங்க."

"என்னண்ணே, காலையிலயேவா?"

நடந்ததைச் சொன்னார். ரெங்கராஜைக் கூப்பிட்டு ஆட்டையும் கருவியையும் சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். போட்டோ மோகனப்ரியாவுக்குப் போனது. புகார்ப் படிவத்தில் ஆட்டுப் படம் சேர்க்க இடமில்லை. 'தள அடையாளப் படம்' என்று ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் அதில் சேர்த்துவிட்டாள்.

ஆதாரத்தைப் பத்திரப்படுத்திய திருப்தியில் சிவசாமி துண்டை வீசி ஆடுகளை விரட்டினார். கிடா எழுந்து உதறிக்கொண்டு போனது. அடுத்த நிமிடமே அவர் சட்டைப்பையில் போன் அலறியது.

'அன்பார்ந்த வாடிக்கையாளரே, தங்கள் பகுதியில் 42 செ.மீ. நீர், வழக்கமான நான்கு மணிக்கு முன்பே, ஒரே நிமிடத்தில் மாயமாகியுள்ளது. நீர்த் திருட்டு எனச் சந்தேகிக்கப்படுகிறது. சங்கத் தலைவர் நேரில் வந்து விளக்கம் அளிக்கவும். தங்கள் நாள் இனிதாகட்டும்.'

மறுநாள் அறந்தாங்கி மையத்தில், குளிர்ந்த அறையில், ஆவுடையப்பன் ஒரு கோட்டுப் படத்தைச் சுவரில் காட்டினார். கோடு சமமாகப் போய்க்கொண்டிருந்து ஓர் இடத்தில் செங்குத்தாக விழுந்திருந்தது.

"இரண்டு கிலோமீட்டர் வாய்க்கால். கணக்குப் போட்டால் பல லட்சம் லிட்டர். ஒரே நிமிஷத்துல எங்க கொண்டுபோய் ஒளிச்சீங்க?"

"ஆடு எந்திரிச்சுப் போயிருச்சு சார்."

"ஆடு எழுந்தா தண்ணி எப்படிக் குறையும்?"

"ஆடுதான் சார் தண்ணி."

ஆவுடையப்பன் சுவரிலிருந்த கோட்டில் விரலை வைத்தார்.

"மிஸ்டர் சிவசாமி, எங்க மென்பொருள்ல மழை இருக்கு. ஆவியாதல் இருக்கு. கசிவு இருக்கு. ஆடு இல்லை. ஆடுன்னு ஒண்ணு இருந்திருந்தா ஆலோசனை சொன்ன கம்பெனி சேர்த்திருப்பாங்க. அவங்க பதினாலு மாசம் ஆய்வு பண்ணியிருக்காங்க."

"எங்க சார் பண்ணுனாங்க?"

"இதே அறையிலதான்."

சிவசாமி சுவரைப் பார்த்தார். அறையில் ஆடு இல்லைதான்.

"ஆனாலும் நாங்க வாடிக்கையாளரை மதிக்கிறவங்க" என்றார் ஆவுடையப்பன். "நானே நேர்ல வர்றேன். ஆடு இருந்தா என் கண்ணால பாக்கறேன்."

சொன்னபடி இரண்டாம் நாள் பதினொரு மணிக்கு முன்பே வந்தார். ஜீப்பைக் கரையில் கருவிக்குப் பக்கத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டு, குடை பிடித்தபடி வாய்க்காலுக்குள் இறங்கிக் கருவிக்குக் கீழே உள்ள சிமெண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிவசாமி சாமி கும்பிடுகிற மாதிரி கிடா வரும் திசையைப் பார்த்து நின்றார்.

ஆடுகள் வந்தன. குவைத்து கரையில் நின்று ஒருமுறை வாய்க்காலைப் பார்த்தது. ஒருமுறை ஜீப்பைப் பார்த்தது. ஜீப் நிழல் பெரிசு, அடியில் இன்னும் குளிர்ச்சி. கூட்டமாக அங்கிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டன.

"எங்கய்யா ஆடு?"

"சார், இந்தா கெடக்குதே. ஒங்க ஜீப்புக்கு அடியில."

"அது ஜீப் நிழல். என் ஆய்வு கருவி நிழல்ல மட்டும்தான்."

ஞானமணி குச்சியால் தட்டித் தட்டிப் பார்த்தாள். ஆள் கூட்டத்தைக் கண்டு மிரண்ட ஆடுகள் இன்னும் உள்ளே நகர்ந்தன. இரண்டு மணி நேரம் போனது. ஜீப்பைக் கிளப்ப வேண்டிய நேரம் வந்ததும் டிரைவர், ரெங்கராஜ், ஞானமணி, கடைசியில் ஆவுடையப்பனும் சேர்ந்து சக்கரத்தடியிலிருந்து பதினான்கு உருப்படிகளை இழுத்துப்போட வேண்டியதாயிற்று. ஒரு குட்டியைப் பின்காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஆவுடையப்பன் அறிக்கையைச் சொன்னார். டிரைவர் எழுதினார். 'தளத்தில் ஆடுகள் ஏதும் தென்படவில்லை.'

ஜீப் போனதும் சிவசாமி கரையில் உட்கார்ந்துவிட்டார். பல் பிடுங்கிய இடம் சும்மா இருந்தும் வலிப்பது போலிருந்தது. பயிருக்கு இன்னும் நான்கு நாள்தான் உயிர்.

"அண்ணே, எனக்கு ஒண்ணு புரியலை" என்றார் ரெங்கராஜ். "சாயங்காலம் ஆடு வீட்டுக்குப் போயிருது. ராத்திரியெல்லாம் வாய்க்கா காஞ்சுதான் கெடக்கு. அப்ப மதகு தெறக்கணுமில்ல?"

சரியான கேள்வி. சிவசாமி மறுபடி மோகனப்ரியாவைக் கூப்பிட்டார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஐயா, எங்க அப்பாவும் அரிமளத்துப் பக்கம் விவசாயம்தான். நான் சொன்னதா சொல்லிறாதீங்க. இருபதுக்குக் கீழ வந்தா மதகு தெறக்கும். ஆனா ஒண்ணுமே இல்லைன்னு காட்டுனா, கருவி பழுதுன்னு எடுத்துக்கும். பழுதுன்னா பகல்ல கடைசியா காட்டுன அளவையே வச்சுக்கும்."

"அப்ப தண்ணி சுத்தமா இல்லைன்னா தண்ணி தர மாட்டீங்க."

"கொஞ்சமாச்சும் இருக்கணும்ங்க. பத்து, பன்னெண்டு காட்டுனாப் போதும்."

பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு, கருவிக்குத் தப்பாமல் தெரிகிற அகலத்தில், அசையாத ஒரு பொருள் வேண்டும். மூன்று பேரும் யோசித்தார்கள். ஆட்டுக்குட்டியைப் படுக்கவைக்கலாமா என்றார் ரெங்கராஜ். ஞானமணி அவரைப் பார்த்த பார்வையில் அந்த யோசனை அங்கேயே முடிந்தது. பிறகு அவருக்கே ஒரு நினைப்பு வந்தது.

திறப்பு விழாவுக்கு முதலில் செதுக்கிய கல்வெட்டு ஒன்று இருந்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு அதிலிருந்த அதிகாரிக்கு மாற்றல் வந்துவிட்டதால் புதுப் பெயரோடு வேறு கல் செதுக்கினார்கள். பழைய கல்லை ரெங்கராஜ் வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி அதில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நல்ல கருங்கல், மூன்றடிக்கு இரண்டடி.

"கல்லு நாலு சென்டிமீட்டர். அடியில செங்கல்லு ஏழு. மொத்தம் பதினொண்ணு" என்றார் ரெங்கராஜ். இருபத்திரண்டு வருடம் மதகு பார்த்த கண்.

கல்லை வைக்கும்போது, "பேரு மேல இருக்கட்டுமா, கீழ இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

"மேலயே இருக்கட்டும்ணே" என்றாள் ஞானமணி. "தண்ணி குடுத்தோம் தண்ணி குடுத்தோம்னு சொன்னவுக, ஒரு நாளாச்சும் தண்ணிக்குள்ள கெடந்து பாக்கட்டும்."

தண்ணீர் வந்து சேரும்வரை ஆடுகள் அந்தப் பக்கம் வரக்கூடாது. ஞானமணி பட்டியை அடைத்துவிட்டு, அவ்வளவு வாய்க்கும் இலையும் தழையுமாகக் கொழை ஒடித்துப் போட்டாள். கை முழுக்க முள். "அறுப்பு முடிஞ்சதும் ஒங்க மூணு ஏக்கர் தாளும் என் ஆட்டுக்குத்தான். பேச்சு மாறுனீங்க, நானே போன் போட்டு கல்லுன்னு சொல்லிருவேன்" என்றாள். சிவசாமி ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்டதை ஞானமணி நம்பவில்லை. ரெங்கராஜைச் சாட்சி வைத்தாள். ரெங்கராஜையும் அவள் முழுசாக நம்பவில்லை.

மதகு திறந்தது. திறந்ததை யாரும் பார்க்கவில்லை, நடுவில்தான் மனுசன் கிடையாதே. ஒன்றரை நாள் கழித்து, சாயங்கால வெயிலில், தண்ணீர் வந்தது. சருகு, தென்னம்பாளை, பிளாஸ்டிக் பாட்டில், ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு முழத்துக்கு நுரையோடு மெதுவாக வந்தது. சிவசாமி வாய்க்காலுக்குள் நின்றார். ஆடு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ளக் காலால் ஒருமுறை அளைந்து பார்த்தார். கல்லை மூடி, கணுக்காலைத் தாண்டி, முழங்காலுக்கு வந்தது. மடையைத் திறந்துவிட்டு வரப்பில் உட்கார்ந்து, வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தத்தைக் கேட்டார். மனைவி மீனம்மாள் வந்து, "சாப்புட வாங்க" என்றாள். "வர்றேன் வர்றேன்" என்றாரே தவிர எழுந்திருக்கவில்லை.

விடிந்தபோது ஓர் ஏக்கர் முழுசாக நனைந்திருந்தது. இரண்டு ஏக்கர் பாக்கி. ஒன்பதரைக்குப் போன் வந்தது.

"ஐயா, மோகனப்ரியா பேசறேன்." அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று புரிந்தது. "உங்க ஊர்ல ராத்திரியெல்லாம் தண்ணி காட்டுதுங்க. உங்க வாய்க்கால்ல எப்பவும் பதினொண்ணுலேருந்து நாலு வரைக்கும்தான் தண்ணி வரும். இது இயல்புக்கு மாறா இருக்குன்னு சிஸ்டம் சந்தேகப்படுது. கருவிக்கு அடியில எதையோ வச்சு ஏமாத்தறீங்களோன்னு..."

பின்னாலிருந்து ஆவுடையப்பன் குரல் கேட்டது. "ஆடான்னு கேளும்மா!"

"ஆடு இல்லைங்க! தண்ணிங்க! நெசமான தண்ணிங்க!" என்று கத்தினார் சிவசாமி.

"போன வாரம் வரைக்கும் ஆடு ஆடுன்னாரு. இப்ப இல்லைங்கறாரு. பாத்தியா?" என்றது பின்குரல்.

"ஐயா, பத்து மணிக்குள்ள ஒரு போட்டோ அனுப்பிருங்க. இல்லைன்னா மதகு மூடிரும்."

அனுப்பினார். முழங்கால் தண்ணீரில் நின்று, கருவியும் தெரிகிற மாதிரி. உடனே பதில் வந்தது. 'தள அடையாளப் படத்துடன் பொருந்தவில்லை. நிராகரிக்கப்பட்டது.' இன்னொன்று அனுப்பினார். அதுவும் நிராகரிப்பு. மணி ஒன்பதே முக்கால். ரெங்கராஜ்தான் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அண்ணே! நீங்க மொதல்ல அனுப்புனீங்கள்ல, ஆட்டோட ஒரு படம்? அதான் அங்க அடையாளப் படம். ஆடு இல்லாம அது இந்த எடமே இல்ல!"

ஞானமணி பட்டிக்கு ஓடினாள். குவைத்து வந்தது. தண்ணீரைக் கண்டதும் நான்கு காலையும் கரையில் ஊன்றிக்கொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், கொழையைக் காட்டினார்கள். நிழலுக்காக எங்கும் போகிற கிடா, தண்ணீருக்கு ஓர் அடி எடுத்துவைக்காது. மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

சிவசாமி துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினார். குனிந்து, கிடாவின் நான்கு காலையும் நெஞ்சுக்கு முன்னால் சேர்த்துப் பிடித்து, தோளில் தூக்கிப்போட்டுக்கொண்டார். முப்பது கிலோவுக்குக் குறையாது. தள்ளாடித் தள்ளாடி வாய்க்காலின் நடுவுக்குப் போய், கருவிக்கு நேர் கீழே, மாற்றலான அதிகாரியின் கல்வெட்டு மேலேயே ஏறி நின்றார். கிடா அவர் காதோரம் துண்டைக் கடித்தது.

"அண்ணே, சிரிங்க!" என்றாள் ஞானமணி, அவர் போனைப் பிடித்தபடி.

"சிரிக்கிற மூஞ்சியாடி இது? எடு!"

எடுத்தாள். போனது.

'தள அடையாளம் உறுதி செய்யப்பட்டது. நன்றி.'

ரெங்கராஜ் கரையில் குதித்தார். அவர் கால் தரையில் படுவதற்குள் இரண்டாவது செய்தி வந்தது. இந்தத் தடவை போன் சத்தம் மட்டும் இல்லை. கம்பத்தில் மாட்டியிருந்த அபாயச் சங்கும் சேர்ந்து ஊளையிட்டது. ஞானமணி படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னா?" என்றார் சிவசாமி. கிடா தோளிலேயே இருந்தது.

"மதகு மூடிருச்சாம்ணே. இங்க தண்ணி ஆறடிக்கு ஏறிருச்சாம்."

சிவசாமி நிமிர்ந்து பார்த்தார். தலைக்கு மேலே இரண்டடி தள்ளிக் கருவி அவரையும் கிடாவையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தது. இரண்டு ஏக்கர் பாக்கி.

ரெங்கராஜ் கண்ணை மூடி விரலை மடக்கினார். "மூடட்டும்ணே. பதினெட்டுக் கிலோமீட்டர்ல நடந்து வந்துக்கிட்டு இருக்கிற தண்ணிய எவன் திரும்பக் கூப்புட முடியும்? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஓடும். ரெண்டு ஏக்கரும் நனைஞ்சுரும்."

"நெசமாவா?"

"இருவத்திரெண்டு வருசம்ணே."

வாழ்க்கையில் முதல் தடவையாகச் சிவசாமி லஸ்கரைச் சந்தேகப்படவில்லை. முழங்காலைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு மடைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அப்படியே நின்றார்.

"இன்னும் ஒரு வரி இருக்குண்ணே" என்று ஞானமணி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் படித்தாள். சிரிப்பில் பாதி எழுத்து விழுங்கிப் போனது. "'வாடிக்கையாளர்கள் தங்கள் ஆடு மாடுகளை உடனடியாக மேடான இடத்துக்குக் கொண்டு செல்லவும்.'"

"கொண்டாந்துட்டேன்னு பதில் போடு" என்றார் சிவசாமி, கிடாவைத் தோளில் சரிசெய்துகொண்டு.